எட்டு மமீத் அரிசி

ஒடனீஸ் வீட்டில் இரண்டு மமீத் இருந்தன. அரிசி அளக்கிற தகர டப்பாவைத்தான் அந்தப் பக்கத்தில் மமீத் என்பார்கள். தக்காளி விழுது வந்து காலியான பெரிய டப்பாக்கள் அவை. ஒரே உயரம், ஒரே வாய், ஒரே துரு. அருகருகே வைத்தால் அவள் புருஷன் அனேலுக்கே எது எதென்று தெரியாது. தெரியவும் வேண்டாம் என்றுதான் அவளும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஒன்று வாங்குகிற மமீத், மற்றது விற்கிற மமீத். விற்கிறதைக் கவிழ்த்துப் போட்டு, அடித்தகட்டை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே மேடாக ஏற்றியிருந்தாள். மில்லில் எடை போட்டு வாங்குகிற இருபத்தைந்து கிலோ மூட்டையை நல்ல மமீத்தில் அளந்தால் ஒன்பதும் சொச்சமும் வரும். விற்கிற மமீத்தில் அளந்தால் பத்தும் சொச்சமும் வரும். அதே மூட்டை, அதே அரிசிதான். கிலோவில் வாங்கி டப்பாவில் விற்கிறவளுக்கு நடுவில் நிற்பது அந்த ஒரு டப்பா. அதில்தான் மகள் கெத்லியின் பள்ளிக்கூடம், அவள் காலுக்குச் செருப்பு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம்.

பாலத்துச் சந்தையில் அரிசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எவளைக் கேட்டாலும், "மாதா மேல சத்தியம், என் டப்பா முழு டப்பா" என்பாள். எவள் டப்பாவைக் கவிழ்த்தாலும் அடி குழிந்துதான் இருக்கும். ஆனால் கவிழ்க்க எவள் விடுவாள்? குவித்து அளந்து, மேலே ஒரு கைப்பிடி கொசுறும் போட்டால் வாங்குகிறவள் சிரித்துக்கொண்டே போவாள். ஒடனீஸ் தன்னைக் கள்ளி என்று ஒரு நாளும் நினைத்தவளில்லை. கொசுறு போடுகிற கை எப்படிக் கள்ளக் கையாகும்?

அந்த வருஷம் ஜனவரியில், அர்த்திபோனித் ஆற்று வாய்க்காலில் தண்ணீர் முறை தாமதமாக வந்தது. அனேல் வாரத்துக்கு எடுத்திருந்த நிலம் சேறடித்துத் தயாராகக் கிடந்தது. நிலத்துக்காரன் நகரத்திலிருந்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தான்: இந்த முறைத் தண்ணீரில் நட்டு முடிக்காவிட்டால் நிலம் வேறு கைக்குப் போகும். அனேலும் ஒடனீஸும் குனிந்து நட்டால் பாதி முடிவதற்குள் தண்ணீர் போய்விடும். அதனால் கூட்டு நடவுக்குச் சொல்லி வைத்தார்கள்.

கூட்டு நடவு என்றால் கூலி கிடையாது. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. ஆனால் சோறு உண்டு, சாராயம் உண்டு, மேளமும் பாட்டும் உண்டு. சோறு கூலியை விடப் பெரிது. வயிறு நிறைந்தால் பாட்டுக்காரன் வீட்டுக்காரியைப் புகழ்வான். குறைந்தால் அந்தப் பாட்டு அவள் செத்த பிறகும் ஊரில் சுற்றும்.

சமைக்க மெரிசியாவைக் கூப்பிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு, புருஷன் இல்லாதவள். கெத்லிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள்தான். அந்த உறவால் ஒடனீஸும் அவளும் ஒருவரையொருவர் 'கொமே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊரில் கூட்டு வேலை எங்கே நடந்தாலும் அண்டா மெரிசியாவுடையது. அவளுக்குக் கூலி என்னவென்றால், அண்டாவின் அடியில் பிடித்த காந்தலும், மூட்டையின் அடியில் மிஞ்சிய அரிசியும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அவளுக்கு முன்னால் சமைத்தவளுக்கும் அதுதான் கிடைத்தது.

விடிகிற நேரம். மெரிசியா வந்து மூன்று கல் வைத்து மூன்று இடத்தில் அடுப்புக் கூட்டினாள். ஒடனீஸ் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குழம்புக்குப் பச்சைத் துவரை வாங்க வேண்டும். அது விடிந்தால் தீர்ந்துவிடும்.

"கொமே, உன் மமீத்தைக் கொண்டாந்தியா?"

"எங்க? அடி இத்துப் போச்சு. அதுல இப்போ கோழிதான் தண்ணி குடிக்குது. பாதி ஒழுகிப்போற வரைக்கும் குடிக்கும், அப்புறம் என்னைப் பார்த்துக் கத்தும்."

"அப்போ எங்க வீட்டுதையே எடுத்துக்க. ஆணியில தொங்குது. எட்டு அளந்து போட்டுடு."

"எட்டுன்னு எனக்கா சொல்லித் தர்றே? அறுபது வாய்க்கு எட்டு. உன் கல்யாணத்துக்கே நான்தான்டி அளந்தேன். அன்னைக்கு உன் மாமனார் மூணு தட்டு தின்னுட்டு நாலாவதுக்குத் தட்டை நீட்டினார். அப்பவும் பத்துச்சு."

"அவர் செத்தே போயிட்டார், இன்னும் அவர் தட்டை எண்ணிக்கிட்டிருக்கியே!"

"சமைச்சவளுக்குத் தட்டு மறக்காது. நீ போ. மொச்சையைத் தலையில கட்டிடுவாளுங்க, பார்த்து வாங்கு."

ஒடனீஸ் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

சந்தையில் துவரைக்காரி முன்னால் உட்கார்ந்து, கூடையிலிருந்து மமீத்தை எடுத்து நீட்டினாள். வாங்கப் போகும்போது தன் டப்பாவைக் கொண்டுபோவது அவள் வழக்கம்.

"அடியம்மா, இவ்வளவு ஆழமான டப்பாவா? இதுல அளந்தா நான் குடிசைக்கு வெறுங்கையோட போகணும்!" என்று உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்த துவரைக்காரி கூவினாள்.

ஒடனீஸ் பேரத்துக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. நல்ல மமீத் கையில் இருக்கிறது. அப்படியென்றால் ஆணியில் தொங்குவது எது?

துவரைக்காரி சொன்ன விலையைக் கொடுத்தாள். அந்தப் பொம்பளைக்கே ஆச்சரியம். மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தனை நிறுத்தி, கூடையை மடியில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். "வேகமாப் போப்பா, வேகமாப் போ" என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். மேட்டுப்பாதையில் வரும்போதே வயலில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று அண்டாவிலும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி உள்ளே போய் வெகுநேரமாகியிருந்தது. பூண்டும் லவங்கமும் மணந்தன. மெரிசியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடுப்பு மாதிரி நீண்ட அகப்பையால் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிற மமீத் அவள் காலடியில், மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்ன கொமே, பேய் துரத்தின மாதிரி வர்றே?"

"ஒண்ணுமில்ல. எட்டும் போட்டுட்டியா?"

"எட்டும் போட்டாச்சு. தண்ணியும் அதே டப்பாவுல அளந்து ஊத்தியாச்சு. பாரு, ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கப்போவுது."

அதுதான் வினையாகப் போனது. அரிசியும் தண்ணீரும் ஒரே குட்டை டப்பாவில் அளந்ததால் பதம் கெடவில்லை. குழைந்தாலோ வெந்தும் வேகாமல் நின்றாலோ யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சோறு நன்றாகத்தான் வரும். குறைவாக வரும், அவ்வளவுதான்.

ஒடனீஸ் துவரையை இறக்கி வைத்தாள். அவள் கை தானாகவே ஒரு வேலை செய்தது. கீழே கிடந்த மமீத்தை எடுத்துக் கூடையில் துவரைக்கு அடியில் செருகியது. நல்ல மமீத்தை ஆணியில் மாட்டியது. யாரும் பார்க்கவில்லை. இப்போது சொல்லலாம், என்று அவளுக்குத் தோன்றியது. 'கொமே, அந்த டப்பா குட்டை டப்பா, இன்னொன்று போடு' என்று சொன்னால் தீர்ந்தது. 'எதுக்குக் குட்டை டப்பா?' என்று அவள் கேட்பாள். மெரிசியாவே மாசத்துக்கு மூன்று தடவை அந்த டப்பாவில்தான் அரிசி வாங்குகிறாள்.

"கொமே, இன்னைக்குப் பசங்க நிறையப் பேர் வந்திருக்காங்க போலிருக்கு. இன்னொரு அண்டா வெச்சு, ஒரு டப்பா கூடப் போடுவோமா?" என்றாள்.

மெரிசியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஓகோ! மூட்டை அடி எனக்குன்னு தெரிஞ்சதும் உனக்கு ஊருக்கே தானம் பண்ணத் தோணுதா? அறுபதுக்கு எட்டு. அதுல மேல ஒரு மணி விழாது. என் கூலியில கைவைக்காதே, ஆமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்த அனேல் வாசலில் நின்றிருந்தான். கேட்டுவிட்டு, அவனும் சிரித்துவிட்டுத்தான் போனான்.

ஒடனீஸ் உட்கார்ந்து துவரையை உரித்து, தோலைக் கூடைக்குள்ளேயே போட்டாள். பத்தும், எப்படியும் பத்தும், நாலு பேர் கம்மியாகத் தின்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வயலில் பாட்டுக்கார பிரெவில் வரப்பில் நின்று மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அறுபது முதுகுகள் வரிசையாகக் குனிந்து பின்னால் பின்னால் வந்தன. பிரெவில் ஒரு அடி போடுவான், வரிசை மறு அடி வாங்கும். அனேலின் நிலம் சேறு நல்ல சேறு, அனேலின் பெண்டாட்டி நல்ல பெண்டாட்டி, ஆனால் அனேலுக்குத்தான் பல் இல்லை என்று பாடினான். சேற்றுக்குள் சிரிப்பு உருண்டது. உச்சிப் பொழுதுக்கு முக்கால் வயல் பச்சையாகிவிட்டது. மிச்சம் கீழ்ப்பாத்திதான். சோறு தின்றுவிட்டு இறங்கினால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும்.

சோறு போட மெரிசியா உட்கார்ந்தாள். எனாமல் தட்டு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு அகப்பை, இன்னொரு அகப்பை, மேலே துவரைக் குழம்பு, ஓரத்தில் உப்புமீன் துண்டு. அவள் கை எல்லாருக்கும் ஒரே கைதான். மூன்றாவது அண்டாவின் பாதியில் அந்தக் கை ஒரு தடவை நின்றது. எட்டிப் பார்த்தாள். திரும்பவும் போட்டாள். கொஞ்சம் சின்னதாகப் போட்டாள். அதற்கப்புறம் அகப்பை தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

இன்னும் ஏழு பேர் தட்டோடு நின்றார்கள்.

"என்ன மெரிசியாக்கா, அண்டா விக்கலெடுக்குதா?" என்றான் முன்னால் நின்றவன்.

"இருப்பா. இரு." அவள் காந்தலைச் சுரண்டினாள். அது அவள் கூலி. சுரண்டி இரண்டு தட்டில் போட்டாள். ஐந்து தட்டு நின்றது. அவள் முகம் வியர்த்துவிட்டது. "எட்டு அளந்தேனே. வாய்விட்டு எண்ணித்தானே போட்டேன்!"

"எட்டு அளந்தா எப்படிக்கா குறையும்? போன வாரம் எங்க வயலுக்கும் எட்டுதான். நாய்க்குக் கூடப் போட்டோமே!"

பிரெவில் தின்றுகொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தான். அவன் மேளத்தை எடுத்தால் பாட்டு யார் மேல் விழும்? வீட்டுக்காரி மேல்தான் விழும். 'ஒடனீஸ் கஞ்சப் பிசினாறி' என்று விழும்.

அப்போதுதான் விஸ்னர் எழுந்தான். மில்லில் எடை போடுகிறவன். கூட்டுக்குத் தலைவனும் அவன்தான். நேர்மையான ஆள் என்று பேர். நேர்மையான ஆள்தான், அதில் பொய்யில்லை. மூலையில் கிடந்த மூட்டையின் வாயைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினான். புருவம் ஏறியது. சைக்கிளில் தொங்கிய கொக்கித் தராசைக் கொண்டுவந்து மூட்டையை மாட்டினான்.

"ஆறு கிலோவுக்கு ரெண்டு விரல் கம்மி," என்றான். "நானே எடை போட்டுக் கொடுத்த மூட்டை. இருபத்தஞ்சு இருந்துச்சு. ஒரு மமீத்னா ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. எட்டு போட்டா இருபத்தொண்ணரை போகணும். மூணரை மிஞ்சணும். இங்க ஏன் ஆறு மிஞ்சுது?"

கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஊரில் மூட்டை அடி யாருக்குப் போகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"விஸ்னர், என் கண்ணு அவிஞ்சு போவட்டும், எட்டு அளந்தேன்!" என்றாள் மெரிசியா. "இந்த வீட்டு டப்பாவுலதான் அளந்தேன். டப்பாவையே கேளு!"

"எந்த டப்பா?"

மெரிசியா சுற்றிலும் தேடினாள். விஸ்னர் ஒடனீஸைப் பார்த்தான். ஒடனீஸ் எழுந்து போய், ஆணியிலிருந்து மமீத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவள் கை நடுங்கவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளைக் கொன்றது அதுதான். கை நடுங்கியிருக்கக் கூடாதா?

விஸ்னர் டப்பாவைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தான். சமமாக இருந்தது. மூட்டையில் செருகி நிரப்பி, உள்ளங்கையால் தலை தட்டி, பையில் கொட்டித் தராசில் மாட்டினான். "ரெண்டு எழுநூறு. டப்பா சரியா இருக்கு," என்றான். வருத்தத்தோடுதான் சொன்னான். "அப்போ எட்டு இல்ல, மெரிசியாக்கா. ஏழுதான் போட்டிருக்கே."

"காலையிலயே ஒடனீஸ் ஒரு டப்பா கூடப் போடச் சொன்னா," என்றான் அனேல். "என் காதால கேட்டேன். இந்தக்காதான், என் கூலியில கைவைக்காதேன்னு சொல்லிச்சு."

"அது விளையாட்டுக்குச் சொன்னதுடா, அனேல்! கொமே, நீ சொல்லேன். விளையாட்டுக்குத்தானே சொன்னேன்?"

அறுபது பேரும் ஒடனீஸைப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் பெண்டாட்டிமார் அவளிடம்தான் அரிசி வாங்குகிறார்கள். கூடை இரண்டடி தள்ளி இருந்தது. துவரைத் தோலை விலக்கினால் போதும். விலக்கினால் இத்தனை வருஷத்து அரிசியையும் ஒவ்வொருத்தியும் வந்து கேட்பாள். சந்தையில் அவள் சாக்கை விரிக்க முடியாது. கெத்லி பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க முடியாது.

"விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா," என்றாள் ஒடனீஸ். 'சொன்னா' என்று சொல்லவில்லை, 'சொல்லியிருப்பா' என்றாள்.

பிரெவில் மேளத்தை மடியில் வைத்தான்.

*எட்டு அளந்தேன்னா மெரிசியா, எட்டு அளந்தேன்னா,*
*ஏழு பேரு தட்டு நிக்குது, எங்கடி போச்சு எட்டு?*
*அண்டா வயிறு ஒட்டிக் கெடக்கு, மூட்டை வயிறு வீங்கிக் கெடக்கு,*
*அகப்பைக்காரி கையில மட்டும் அஞ்சு வெரலும் வாயி!*

முதல் தடவை இரண்டு மூன்று பேர்தான் வாங்கிப் பாடினார்கள். மூன்றாம் தடவை வரிசையே பாடியது. பாடிக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பசியோடு நின்றவன் வேலைக்கு இறங்க மாட்டான். அவன் இறங்காவிட்டால் மற்றவனும் இறங்க மாட்டான். அதுதான் முறை. பாட்டு மேட்டுப்பாதையில் ஏறிப் போய், வாழைத் தோப்புக்கு அப்பால் வெகுநேரம் கேட்டது. கீழ்ப்பாத்தி சேறாகவே கிடந்தது.

மெரிசியா அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். மூட்டையைத் தொடவில்லை. வேலிப் படலைத் திறக்கும்போது நின்று, "கொமே, நான் எண்ணினதை நீ கேக்கலையா?" என்றாள்.

"நான் சந்தையிலதானே இருந்தேன்?"

"ஆமாமா, நீ சந்தையில இருந்தே." படலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு என்னமோ புத்தி தடுமாறுது போலிருக்கு. அஞ்சுக்கு அப்புறம் ஏழுன்னு சொல்லிட்டேனோ என்னவோ. எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு."

ஒடனீஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அனேலும் அவளும் அன்றைக்கும் மறுநாளும் இடுப்பு ஒடியக் கீழ்ப்பாத்தியை நட்டார்கள். தண்ணீர் நிற்பதற்குள் முடித்தும்விட்டார்கள். நிலம் தப்பித்தது.

அடுத்த கூட்டு நடவுக்கு வேறொருத்தியை அண்டாவுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும் அவளையே கூப்பிட்டார்கள். மெரிசியா ஆற்றில் ஊரார் துணியைத் துவைக்கப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போகிற பொடிசுகள் கூட, "எங்கடி போச்சு எட்டு?" என்று பாடிவிட்டு ஓடின. துணி குறைந்தால் கூட அவளைத்தான் கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் கெத்லி கொல்லையில் கயிறு தாண்டிக்கொண்டு, தாண்டலுக்கு ஒரு அடியாக அந்தப் பாட்டையே பாடினாள். ஒடனீஸ் போய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "யாரைப் பாடறே தெரியுமா? உன்னைக் கையில ஏந்தினவளை!"

"எல்லாரும்தானே பாடறாங்க," என்று கெத்லி அழுதாள்.

அன்றைக்கே ஒடனீஸ் விற்கிற மமீத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். உள்ளே ஒரு முட்டுக்கட்டையை நுழைத்து, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஏறியிருந்த மேடு இறங்கிச் சமமானது. மூக்கைச் சிந்திக்கொண்டே அடித்தாள். இனிமேல் முழு டப்பா, கடவுளே, முழு டப்பா என்று சொல்லிக்கொண்டாள்.

முழு டப்பாவை யாரும் கவனிக்கவில்லை. ஒருத்தி கூட, "என்னடி, இன்னைக்கு அரிசி கூட இருக்கு" என்று சொல்லவில்லை. மூட்டை ஒன்பதில் தீர்ந்தது. அடுத்த மூட்டையும் ஒன்பதில் தீர்ந்தது. பக்கத்துச் சாக்குக்காரிகள் பத்தாவதை விற்றுக்கொண்டிருக்கும்போது இவள் சாக்கை உதறிச் சுருட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து கெத்லியைத் திருப்பி அனுப்பினார்கள். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அனேல், "என்ன, சந்தையில ஏதாவது தொலைச்சியா?" என்று கேட்டான். முழு டப்பாவில் அளந்ததால் மெரிசியாவின் பெயரும் திரும்பி வரவில்லை. பின் யாருக்காக இந்த வேஷம்? ஒடனீஸுக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. மெரிசியா மேலும் வந்தது.

மறுபடி ஒரு நாள் கொல்லையில் உட்கார்ந்து மமீத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினாள்.

கோடை வந்து துவரை ஓய்ந்த பிறகு, ஒரு சந்தை நாளில் மெரிசியா வந்து அவள் சாக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கை சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. நடவுக்குப் பிறகு அவள் ஒடனீஸிடம் அரிசி வாங்க வரவே இல்லை. ஒடனீஸ் பதறிப்போய்ச் சாக்குக்குப் பின்னாலிருந்த வாங்குகிற மமீத்துக்குக் கையை நீட்டினாள்.

"அது வேணாம்," என்றாள் மெரிசியா. "எல்லாருக்கும் எதுல அளக்கிறியோ அதுலயே அள."

ஒடனீஸின் கை அந்தரத்தில் நின்றது. "கொமே..."

"நான் வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன். தகரம் தட்டற சத்தம் கேக்காதா? வாழ்நாள் பூரா அண்டாவோட புழங்கினவ. உள்ள இருந்து தட்டினா ஒரு சத்தம், வெளியிலிருந்து தட்டினா ஒரு சத்தம்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. பக்கத்துச் சாக்குக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல் சத்தம் கேட்டப்போதான் எனக்குப் புரிஞ்சுது. எனக்குப் புத்தி தடுமாறலைன்னு தெரிஞ்சுது. அன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அழுதுட்டேன். நீ இப்போ வருவே, இப்போ வருவேன்னு காப்பி போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நம்ம கொமேதானே, வந்து என்கிட்ட மட்டும் சொன்னா கூடப் போதும்னு நினைச்சேன். அப்புறம் ரெண்டாவது சத்தம் கேட்டுச்சு."

"எல்லார்கிட்டயும் சொல்லிடேன், கொமே," என்றாள் ஒடனீஸ். உண்மையிலேயே அந்த நொடியில் அவள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். "இப்பவே இங்கயே சொல்லிடு. டப்பாவைக் கவிழ்த்துக் காட்டு."

"நான் சொன்னா யாரு கேப்பா? அரிசித் திருடி சொல்றா, டப்பா குட்டைன்னு. அதுக்கும் ஒரு பாட்டு கட்டுவான் பிரெவில்." மெரிசியா துணிப்பையை விரித்தாள். "அதைச் சொல்ல வேண்டிய வாய் ஒண்ணே ஒண்ணுதான். அது திறக்கலை. சரி, அள. துணி காய்ஞ்சுடும், நான் போகணும்."

ஒடனீஸ் அளந்தாள். குவித்து அளந்தாள். மேலே ஒரு கைப்பிடி கொசுறு போட்டாள். இன்னொரு கைப்பிடி போட்டாள். கை நிற்க மாட்டேன் என்றது, மூன்றாவதும் போட்டாள்.

மெரிசியா பைக்குள் கையை விட்டாள். மூன்று கைப்பிடியையும் ஒவ்வொன்றாக அள்ளி, சாக்கின் குவியலிலேயே திரும்பப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். பையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து போனாள்.

அவள் நகர்ந்த இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். விஸ்னரின் பெண்டாட்டி அவள்.

"எனக்கு ரெண்டு மமீத் போடு, ஒடனீஸ். கொசுறை மறந்துடாதே."

"மறப்பேனா?" என்று சொல்லி, ஒடனீஸ் டப்பாவை அரிசிக்குள் செருகினாள்.